பொதுவிடத் தோட்டங்களும் காண்டிராக்டுப் பராமரிப்பும்

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தாலுகா கச்சேரி, பஸ் நிலையம், முனிசிபல் பூங்கா முதலிய பொதுவிடங்களிலுள்ள மரஞ்செடிகளையும் புற்றரைகளையும் பேணும் வேலை, முன்னர் மாதச் சம்பளம் பெற்ற தோட்டக்காரர்களின் பொறுப்பில் இருந்தது. இப்பொழுது அவ்வேலை பல ஊர்களில் டெண்டர் கோரிக் காண்டிராக்டுக்கு விடப்படுகிறது. இம்முறை நன்றோ தீதோ என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பஞ்சாயத்து அங்கத்தினர்களும், தலைமையாசிரியர்களும், ஆபீஸ் அதிகாரிகளும் இத்தகைய ஒப்பந்தங்களில் கையொப்பமிட வேண்டியவர்களாய் இருக்கிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கட்டிட வேலைக்கு ஒப்பந்தம் எழுதிப் பழகியவர்கள். வளரும் பொருளுக்கு எழுதிப் பழகாதவர்கள். கட்டிய சுவர் மறுநாளும் அப்படியே நிற்கும். நட்ட கன்று அப்படியன்று. ஒப்பந்தத்தில் எதை அளந்து பணம் கொடுக்கிறோமோ அதுவே நமக்குக் கிடைக்கும். நாளை அளந்தால் நாளும், உயிரோடுள்ள மரத்தை எண்ணினால் மரமும் கிடைக்கும். இதை நான் புத்தகத்திற் படித்து அறியவில்லை. என் கையெழுத்தால் உண்டான நஷ்டத்திலிருந்து அறிந்தேன்.

அந்த நஷ்டத்தைச் சொல்லுமுன், நம் நாட்டார் நன்கறிந்த புளியமரக் குத்தகையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பு ஏலம் விடப்படுவது நெடுநாளைய வழக்கம். ஏலமெடுத்தவர் முன்பணம் கட்டிவிட்டுத் தம் மரங்களைக் காவல் காக்கிறார். ஆடு மாடு கடித்தாலும், எவரேனும் கிளையை வெட்டினாலும் நஷ்டம் அவருடையது. ஆகையால் சொல்லாமலே காக்கிறார். ஆனால் அவருடைய அக்கறை அந்த ஓராண்டுக் காய்ப்போடு முடிகிறது. துறட்டியாலும் கழியாலும் அடித்து இளங்கிளைகளை முறித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு பூ குறைவதைப்பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பராமரிப்புக் காண்டிராக்டு இதற்கு நேர்மாறானது. இங்கே பணம் கொடுப்பவர் நாம், வாங்குபவர் அவர். மரம் பட்டுப்போனால் அவருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை; சொல்லப்போனால் ஒரு குடம் தண்ணீர் மிச்சம். மரத்தின் உயிருக்கும் அவர் பில்லுக்கும் ஒரு முடிச்சுப் போடாவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராயினும், மரத்தைக் காப்பதற்குரிய காரணம் ஒப்பந்தத்தில் இல்லாமற் போய்விடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தாலுகாத் தலைநகரில் புதிதாகக் கட்டிய சர்க்கார் ஆபீஸ் ஒன்றின் வளாகத்தில் 60 கன்றுகள் நடப்பட்டன. புங்கு, வேம்பு, பூவரசு, மகிழம் என நம் மண்ணுக்கேற்ற ஜாதிகளாகவே தேர்ந்தெடுத்திருந்தோம். முகப்பில் 20 சென்டு புற்றரையும் இடப்பட்டது. பராமரிப்பு மிகக் குறைந்த தொகை கேட்ட காண்டிராக்டருக்கு விடப்பட்டது. மாதந்தோறும் வேலையைப் பார்வையிட்டு, பில்லில் 'திருப்திகரம்' என்று எழுதிக் கையொப்பமிடும் பொறுப்பு எனக்கு வந்தது. நானோ விதை விநியோகத்திலும் வேறு வேலைகளிலும் அலைந்துகொண்டிருந்தேன். ஆள்வருகைப் பதிவேடு ஒழுங்காயிருந்தது. வாசலிலிருந்து பார்த்தால் புல் பச்சையாயிருந்தது. அவ்வளவையும் கண்டு நான்கு மாதம் கையொப்பமிட்டேன். கன்றுகளுக்கிடையே ஒருமுறையும் நடக்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் காலை நடந்தேன். 60 கன்றுகளில் 23 மட்டுமே உயிரோடிருந்தன. பட்டுப்போன புங்கு ஒன்றைக் கடப்பாரையால் பெயர்த்துப் பார்த்தேன். நாற்றங்காலில் வைத்திருந்த கறுப்புப் பாலிதீன் பை அப்படியே இருந்தது. அடியில் ஒரு கீறல் மட்டும். வேர்கள் பைக்குள்ளேயே சுருண்டு கயிற்றுப் பந்துபோல் இருந்தன. குழி 3 அடி என்று எழுதப்பட்டிருந்தது, இருந்தது ஓரடியே. அதன் கீழே செங்கற்கட்டியும், ஜல்லியும், உறைந்த சிமெண்டும் கிடந்தன. கட்டிட வேலை முடிந்ததும் குப்பைகளை அங்கேயே பரப்பி, மேலே மூன்று விரற்கடை செம்மண் போட்டு மூடியிருந்தார்கள். மேல்மண் ஓரங்குலம் ஈரம்; அதற்குக் கீழே புழுதி.

அங்கே வேலை செய்த மூதாட்டியை அழைத்து, "தண்ணீர் விடவில்லையா, அம்மா?" என்று கேட்டேன். "தினந்தோறும் ஊற்றச் சொன்னார்கள், ஐயா, ஊற்றினேன். எவ்வளவு ஊற்றவேண்டும் என்று எவரும் சொல்லவில்லையே. இருக்கிற தண்ணீரைப் புல்லுக்கு முதலில் விடு, மிச்சத்தைக் கன்றுக்கு விடு என்றார்கள். ஆளுக்கொரு சொம்பு வந்தது," என்றார். பிறகு, கேளாமலே, தமக்கு இரண்டு மாதக் கூலி வரவில்லை என்பதையும் சொன்னார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 'தினசரி நீர் பாய்ச்சுதல்' என்றே அதில் இருந்தது. அவர் ஒப்பந்தத்தை மீறவில்லை. மீறும்படியான எதுவும் அதில் எழுதப்படவில்லை. கூலி வராத மாதங்களுக்கும் 'திருப்திகரம்' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை உட்கார்ந்து போட்ட கணக்கை நேயர்களுக்குத் தருகிறேன். ஒவ்வொரு பொதுத் தோட்டத்திற்கும் இதைப் போட்டுப் பார்த்தல் நலம். ஒரு சென்டு நிலத்தில் ஓரங்குல உயரம் தண்ணீர் நிற்க வேண்டுமானால் சுமார் 1,028 லிட்டர் வேண்டும். 20 சென்டுக்கு 20,560 லிட்டர். நம் சமவெளிகளில் கோடையின் உச்சியில் ஓரங்குல நீர் புற்றரைக்கு ஐந்தாறு நாளைக்கு மேல் தாங்காது. ஆக, மாதத்திற்கு ஐந்து தடவை என்றாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. 6,000 லிட்டர் கொள்ளும் லாரியாயின் பதினேழு லாரிக்குச் சற்று மேல். வந்ததோ வாரத்திற்கு ஒரு லாரி, அதாவது மாதத்திற்கு 24,000 லிட்டர். இனிக் கன்றுகளைப் பாருங்கள். கன்றொன்றுக்கு நான்கு நாளைக்கொருமுறை 30 லிட்டர் வீதம் பாத்தி நிறைய விட்டால், 60 கன்றுகளுக்கும் ஒரு தடவைக்கு 1,800 லிட்டர். மாதத்திற்கு 13,500 லிட்டர். வந்த தண்ணீர் எல்லாக் கன்றுகளையும் காப்பாற்றி மிச்சமும் ஆகியிருக்கும். வாசலிலிருந்து கண்ணுக்குப் பட்ட பச்சைப் புல் அதைக் குடித்துவிட்டது; அந்தப் புல்லைக் கண்டுதான் நான் கையொப்பமிட்டேன்.

ஆகையால் டெண்டர் கோருமுன் முதலிற் செய்யவேண்டியது தண்ணீர்க் கணக்கு. கிணற்றிலோ குழாயிலோ கோடையில் நாளொன்றுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அளந்து, முதலில் கன்றுகளுக்கு ஒதுக்கி, மிச்சத்திற்குத் தக்க அளவே புற்றரை இடவேண்டும். புற்றரை ஒரு ஆண்டு காய்ந்தாலும் அருகாயின் மழைக்குத் துளிர்க்கும். மூன்று வயது மரம் காய்ந்தால் மூன்று ஆண்டும் போயிற்று. ஒப்பந்தத்தில் 'தினசரி' என்ற சொல்லை நீக்கி, கன்றொன்றுக்கு இத்தனை லிட்டர், இத்தனை நாளைக்கொருமுறை, இத்தனையடி விட்டமுள்ள பாத்தியில் என்று எழுதுக. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதால் வேர் மேலேயே நின்றுவிடுகிறது. இடைவிட்டு நிறைய விடுவதால் கீழே இறங்குகிறது. பாத்தியில் சருகு மூடாக்கு நான்கு விரற்கடை உயரம் பரப்பி, தண்டை ஒட்டாமல் விலக்கிவைத்தால் தண்ணீர்ச் செலவு இன்னும் குறையும்.

இரண்டாவது, தொகை. நம் மாகாணத்தில் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த தொகைக்காரருக்கே வேலையைக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்துகிறது என்று பல அதிகாரிகள் கைவிரித்துவிடுகிறார்கள். அச்சட்டத்தை முழுதும் படித்தால், டெண்டர் பத்திரத்தில் குறித்த, அளந்தறியக்கூடிய அம்சங்களைக் கொண்டு மதிப்பிட்ட பிறகே 'குறைந்தது' எது என்று தீர்மானிக்க வேண்டும் எனத் தெரியும். அந்த அம்சங்களை நாம் பத்திரத்தில் எழுதாவிட்டால் தொகை ஒன்றுதான் மிஞ்சும். குற்றம் சட்டத்தினுடையதன்று.

கேட்கும் தொகை நியாயமானதா என்றறிவது கடினமன்று. ஒன்றரை ஏக்கர் வளாகத்திற்கு, என் அனுபவத்தில், தேர்ந்த தோட்டக்காரர் ஒருவரும் உதவியாள் ஒருவரும் வேண்டும். நாட்கூலி ஒருவருக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், இருவருக்கு 26,000. ஆண்டுக்கு 3,12,000 ரூபாய். கோடை ஐந்து மாதத்திற்கு இருபது லாரித் தண்ணீர், லாரி 1,000 ரூபாய் என்றால் 20,000. எரு, கருவிகள், காண்டிராக்டரின் நியாயமான லாபம் இவை தனி. இந்நிலையில் ஒருவர் 2,40,000 ரூபாய்க்கு வேலையை ஏற்றுக்கொள்ள முன்வந்தால் அவர் தர்மம் செய்ய வரவில்லை. கூலியில் குறைப்பார், அல்லது ஆளில் குறைப்பார், அல்லது தண்ணீரில் குறைப்பார். எதில் குறைத்தாலும் கடைசியில் மரத்தில் வந்து விழும். டேவணித் தொகை கட்டியிருக்கிறார் என்று நாம் தைரியமாயிருப்பதில் பயனில்லை. பட்ட மரத்தை டேவணி எழுப்பாது.

பணம் கொடுக்கும் முறையைப்பற்றி ஒரு எச்சரிக்கை. உயிரோடுள்ள மரத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும் என்றேன். அதனால் மரம் பட்டபோதெல்லாம் முழுப் பில்லிலும் பிடித்தம் செய்தால், அந்தப் பிடித்தம் காண்டிராக்டர் மேல் விழாது. கூலியாள் மேல் விழும். ஆதலால் தொகையை இரண்டாகப் பிரித்தெழுதுக. கூலிப் பகுதி மாதந்தோறும், ஆட்கள் கையில் சேர்ந்ததற்குச் சான்று கண்டபின், பிடித்தமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். மேற்படி தொகையில் எஞ்சிய பகுதி மட்டும் மூன்று மாதத்திற்கொருமுறை கன்றுகளை எண்ணி, உயிரோடுள்ளவற்றின் விகிதப்படி கொடுக்கப்பட வேண்டும். காண்டிராக்டர் கூலி கொடாவிட்டால் வேலை கொடுத்த ஸ்தாபனமே கொடுத்துவிட்டுப் பின் அவரிடம் வசூலிக்க வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டுக் காண்டிராக்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே வகுக்கப்பட்ட முறை. அம்முறை எனக்கு அப்பொழுது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மூதாட்டி இரண்டு மாதக் கூலிக்காக ஐந்து மாதம் அலைந்திரார்.

இனிக் காலம். சர்க்கார் கணக்கு ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. ஆகவே ஒப்பந்தங்களும் அன்றே தொடங்குகின்றன. இதைவிடக் கெட்ட நாள் தோட்டத்திற்கு வேறில்லை. மார்ச்சு முடிவில் பழைய காண்டிராக்டர் குழாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார். டெண்டர் அங்கீகாரம் வரச் சித்திரை கழிந்துவிடுகிறது. இந்த இடைவெளியில் தண்ணீர் விட எவரும் இல்லை. எவருடைய பில்லிலும் அது இல்லை. ஒப்பந்தத்தை அக்டோபர் முதல் தேதி தொடங்கி மூன்று ஆண்டுக்கு எழுதிவிட்டால் இத்தொல்லை ஒழியும். வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நட்டு, அவரே இரண்டு கோடையேனும் காத்து ஒப்படைக்க வேண்டியவராகிறார். நட்டவர் ஒருவர், காப்பவர் வேறொருவர் என்றிருந்தால், 'பையோடு நட்டது அவர்', 'தண்ணீர் விடாதது இவர்' என்று பழி சொல்வதற்கே நேரம் சரியாகிவிடும்.

புல்வெட்டும் இயந்திரத்தைப்பற்றிச் சில வார்த்தைகள். நைலான் நூல் சுழலும் கைக்கருவிகள் இப்பொழுது எங்கும் வந்துவிட்டன. வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் இளமரத்தின் அடியைச் சுற்றியுள்ள புல்லை அதனால் அரியும்போது பட்டையும் சேர்ந்து உரிகிறது. வளையமாக உரிந்துவிட்டால் அந்த மரம் சில மாதத்தில் மேலிருந்து காய்ந்து வரும். காரணம் தெரியாமல் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். மரத்தடியில் இரண்டடி விட்டத்திற்குப் புல்லே இல்லாமல் கையால் களையெடுக்க வேண்டும் என்று எழுதிவிடுக. புற்றரையைக் கோடையில் ஒன்றரை அங்குலத்திற்குக் கீழ் வெட்டலாகாது. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்கவும் கூடாது. 'மாதம் இரண்டு தடவை வெட்டுதல்' என்றெழுதினால், மழைக்காலத்தில் முழங்காலளவு வளர்ந்தும் வெட்டமாட்டார்கள். கோடையில் மொட்டையடித்தும் வெட்டுவார்கள். உயரத்தை எழுதினால் எப்பொழுது வெட்டவேண்டும் என்பதைப் புல்லே சொல்லும்.

கவாத்து செய்த கட்டை யாருக்கு என்பதையும் தெளிவாக எழுதவேண்டும். விறகு காண்டிராக்டருக்கே என்றிருந்தால் மின்கம்பியைத் தொடாத கிளைகளும் கம்பியைத் தொட்டதாகிவிடும். விறகு ஸ்தாபனத்தைச் சேர்ந்தது, வெட்டுமுன் எந்தக் கிளை என்று சுண்ணாம்பால் அடையாளமிடப்பட வேண்டும் என்ற இரண்டு வரி பல மரங்களைக் காக்கும். சருகைக் கூட்டித் தீயிடுவது 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே தடுக்கப்பட்டது. தவிரவும், அது எருவைக் கொளுத்துவதேயாகும். வளாகத்தின் மூலையில் இரண்டு குழி வெட்டி மாற்றி மாற்றி நிரப்பினால் அடுத்த ஆண்டு எருச் செலவிற் பெரும்பகுதி குறையும்.

அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசுவதைப் பலர் அழகென்று நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, நடைபாதைச் சிமெண்டுக்கிடையே நின்ற பெருமரங்கள் எத்தனையோ வேரோடு சாய்ந்ததைக் கண்டவர்கள் மறந்திரார். டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குச் சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்த்துவிட்டால் தனிச்செலவு அதிகம் ஆகாது.

காண்டிராக்டு முறை நமக்கு மட்டும் வந்த புதுமையன்று. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பூங்காக்களையும் மைதானங்களையும் பராமரிக்கும் வேலையை ஸ்தல ஸ்தாபனங்கள் போட்டி டெண்டருக்கு விடவேண்டும் என்று விதித்தது. அதன் பின் பூங்காவுக்கொரு காவற்காரர், தோட்டக்காரர் என்றிருந்த ஏற்பாடு பல ஊர்களில் மறைந்து, இயந்திரங்களோடு லாரியில் வந்து வெட்டிவிட்டுப் போகும் கோஷ்டிகள் ஏற்பட்டன. அந்தக் கட்டாயம் 1999-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தால் நீக்கப்பட்டது. அங்கே போனது தோட்டத்தைத் தெரிந்த ஆள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் கன்றைக் கரையான் பிடித்திருக்கிறது என்பவை பதிவேட்டில் இரா. நாள்தோறும் அங்கே நடப்பவரின் மனத்தில் இருக்கும். காண்டிராக்டர் மாறினாலும் பழைய தோட்டக்காரர் விரும்பினால் அவரையே தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தல் சாத்தியமே.

மேற்சொன்ன வளாகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டாம் ஒப்பந்தத்தில் மூதாட்டியே நீடித்தார். வரவேண்டிய கூலியும் முதலில் கிடைத்தது. 37 குழிகளையும் 3 அடி வெட்டி, கட்டிடக் குப்பையை வெளியேற்றி, வண்டலும் தொழு உரமும் இட்டு மீண்டும் நட்டோம். பைகளை உரித்து எண்ணி ஒப்படைத்தால்தான் நடவுப் பில் என்று விதித்தேன். 37 பைகளும் என் மேஜைக்கு வந்தன. புற்றரையில் நான் வெற்றி பெற்றேன் என்று சொல்லமுடியாது. 20 சென்டை 6 சென்டாகக் குறைக்க நேர்ந்தது; முகப்பு அழகு கெட்டதென்று மேலதிகாரி ஒருவர் வருத்தப்பட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரண்டு கோடை கழிந்து எண்ணியபோது மரங்கள் 54 இருந்தன. போன ஆறில் மூன்றை வெளியிலிருந்து வந்த ஆடுகள் தின்றன. அவற்றுக்குக் காண்டிராக்டரிடம் பிடித்தம் செய்யவில்லை, ஏனெனில் மதிலை அடைத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பென்று ஒப்பந்தத்தில் இருந்தது.

பார்வையிடச் செல்லும் அதிகாரிகள் கையில் பதிவேட்டோடு ஒரு சிறு கடப்பாரையும் கொண்டுபோவது நலம். ஏதேனும் ஐந்து கன்றுகளைத் தாமே தெரிந்தெடுத்து, பாத்தியோரத்தில் ஓரடி ஆழம் குத்தி, நுனியில் ஒட்டிவரும் மண்ணைக் கையிலெடுத்துப் பிடித்துப் பார்க்கவேண்டும். உருண்டையானால் கையொப்பமிடலாம், புழுதியாய் உதிர்ந்தால் ஆளை அழைத்துத் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். இவ்வாண்டு நடவு செய்ய எண்ணுவோர் ஆவணியிலேயே குழிகளை வெட்டிப் புரட்டாசி முழுதும் ஆறவிட்டு, ஐப்பசியில் முதல் மழை நன்கு ஊறியபின் நடுவார்களாக.